மைக்ராஸ்கோப் வாங்க வேண்டாம், செய்துகொள்ளலாம்!

மைக்ராஸ்கோப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கூடமும், அங்கே பூட்டிக் கிடந்த கண்ணாடி அலமாரியும்தான். வருஷத்தில் ஒரு நாள் அதை வெளியே எடுப்பார்கள். ஐம்பது பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு அரை நிமிஷம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தால், பாதி நேரம் தெரிவது தன்னுடைய கண்ணிமை மயிர்தான். "தெரிகிறதா?" என்று வாத்தியார் கேட்பார். பின்னால் நிற்பவன் தள்ளுவான். "தெரிகிறது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அதோடு சரி. மைக்ராஸ்கோப் டாக்டர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் உரியது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு தவறு. தாராவியில் ஒற்றை அறையில் குடியிருப்பவர் வீட்டிலும், அந்தோப் ஹில் குவார்ட்டர்ஸில் இருக்கும் குமாஸ்தா வீட்டிலும் ஒரு மைக்ராஸ்கோப்பின் முக்கால் பாகம் ஏற்கெனவே இருக்கிறது. சட்டைப் பையில் இருக்கும் மொபைல் போன்தான் அது. மீதிக் கால் பாகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்துவிடலாம்.

ஜவுளிக் கடைக்காரர் கண்ட உலகம்

நுண்ணுயிர்களை உலகிலேயே முதன்முதலாகப் பார்த்தவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் 1632-இல் பிறந்த ஆண்டனி வான் லேவன்ஹூக், ஒரு ஜவுளிக் கடைக்காரர். 1660-இலிருந்து நகர மன்றத்தில் ஆட்சியாளர்கள் கூடும் அறையைத் திறந்து, பூட்டி, சுத்தமாக வைத்துக் கவனிக்கும் உத்தியோகமும் பார்த்தார். அன்றைய அறிஞர்களின் பாஷையான லத்தீன் அவருக்குத் தெரியாது. தெரிந்தது டச்சு மட்டுமே.

துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க ஜவுளி வியாபாரிகள் சிறு பூதக்கண்ணாடி வைத்திருப்பது வழக்கம். லேவன்ஹூக் அதோடு நிற்கவில்லை. தம் கையாலேயே கடுகு போன்ற சிறு லென்ஸ்களைச் செய்தார். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே லென்ஸைப் பதித்து, பொருளைக் குத்தி நிறுத்த ஓர் ஊசியும், அதை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு திருகாணியும் வைத்தார். கருவி அவ்வளவுதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இன்று எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்குகிறது.

1674-இல் ஊருக்கு அருகிலிருந்த ஏரித் தண்ணீரில் உயிர்கள் நீந்துவதைக் கண்டார். 1676-இல் அவற்றைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். நம்புவார் இல்லை. லேவன்ஹூக் சளைக்கவில்லை. பாதிரியார், பத்திரம் எழுதுபவர் என்று ஊர்ப் பெரிய மனிதர்களை வீட்டுக்கு அழைத்துக் காட்டினார். "நாங்களும் கண்ணால் கண்டோம்" என்று அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். அட்டெஸ்டேஷன் இல்லாமல் எந்தக் காகிதமும் நகராது என்பது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது! கடைசியில் 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி லண்டனில் அதே சோதனையைச் செய்து காட்டினார். 1680-இல் ராயல் சொசைட்டி அந்த ஜவுளிக் கடைக்காரரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1723-இல் தமது தொண்ணூறாம் வயதில் இறக்கும்வரை அவர் பார்ப்பதையும் எழுதுவதையும் நிறுத்தவில்லை.

அவருக்கு இரண்டு கஷ்டங்கள் இருந்தன. அந்தக் கருவியைக் கண்ணோடு ஒட்டி வைத்துத்தான் பார்க்க முடியும். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவரே பார்க்கலாம். இன்னொன்று, அவருக்குப் படம் வரைய வராது. கண்டதைக் காகிதத்தில் காட்ட ஓவியர்களை அமர்த்திக்கொண்டார்.

இந்த இரண்டு கஷ்டத்தையும் ஒரே அடியில் தீர்ப்பதுதான் டிஜிட்டல் மைக்ராஸ்கோப். உருவம் கண்ணுக்குள் விழுவதற்குப் பதிலாகத் திரையில் விழுகிறது. வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். படம் தானே பதிவாகிவிடுகிறது. "தெரிகிறது சார்" என்று பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

கேமரா எப்படி மைக்ராஸ்கோப் ஆகிறது?

போனிலுள்ள கேமரா தூரத்தில் இருக்கும் பெரிய பொருளைச் சுருக்கி, உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சென்சார் மீது விழச் செய்கிறது. மிக அருகில் உள்ள பொருள் அதற்கு மங்கலாகவே தெரியும். இப்போது கேமராவுக்கு முன்னால் இன்னொரு சிறிய குவிலென்ஸை ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். பார்க்க வேண்டிய பொருள் அந்த லென்ஸின் குவிய தூரத்தில், அதாவது சில மில்லிமீட்டர் தள்ளி, இருந்தால் அதிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் லென்ஸைத் தாண்டும்போது இணைகோடுகளாகிவிடும். வெகு தூரத்திலிருந்து வரும் கதிர்களும் இப்படித்தான் இணையாக வரும். ஆகவே கேமரா ஏமாந்து போகிறது. தூரத்து மலையைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, கைக்கெட்டும் கொசுவைத் தெளிவாகப் படம் பிடித்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். எட்டு மெகாபிக்ஸல் கேமரா ஒன்றின் சென்சார் 4.8 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அகலத்தில் 3264 புள்ளிகள் இருக்கும். இரண்டு லென்ஸ்களின் குவிய தூரமும் சமமாக இருந்தால், பொருளின் உருவம் அதே அளவில் சென்சார் மீது விழும். ஒரு புள்ளியின் பங்குக்கு வருவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பாகம், அதாவது ஒன்றரை மைக்ரான். இரண்டு பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டக் குறைந்தது இரண்டு புள்ளிகளாவது வேண்டும். ஆகவே எல்லாம் சரியாக அமைந்தால் மூன்று மைக்ரான் வரை தெரியலாம். வீட்டில் செய்யும் கருவியில் ஐந்து மைக்ரான் தெரிந்தாலே நல்ல வேலை எனலாம். நம் தலைமயிரின் கனம் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும்.

எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது திரையைப் பொறுத்தது. அந்த 4.8 மி.மீ. காட்சி, 12 சென்டிமீட்டர் திரையில் 25 மடங்காகும். 40 அங்குல டி.வி.யில் போட்டால் 180 மடங்கைத் தாண்டும். ஆனால் இதில் ஏமாந்துவிடக் கூடாது. பாஸ்போர்ட் அளவுப் படத்தைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கினால் முகம்தான் பெரிதாகும். படத்தில் விழாத மச்சம் புதிதாக வந்துவிடாது. கடைகளில் "1000 மடங்கு" என்று அட்டையில் அச்சடித்து விற்கும் மலிவுக் கருவிகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது பணத்தைக் காப்பாற்றும்.

தேவையான சாமான்கள்

லென்ஸ்தான் முதல் தேவை. சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன லேசர் விளக்கு ஒன்று போதும். அது பழுதானதாக இருந்தாலும் பரவாயில்லை. பேட்டரியை எடுத்துவிட்டு முனையைக் கழற்றினால் உள்ளே பயறு அளவில் ஒரு லென்ஸ் இருக்கும். லேசர் எரியும்போது அதைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவே கூடாது. பழைய டி.வி.டி. பெட்டியிலும், உடைந்த வெப்கேமராவிலும்கூட இப்படிப்பட்ட லென்ஸ்கள் கிடைக்கும். மும்பையில் லாமிங்டன் ரோடு, சோர் பஜார் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இது கஷ்டமான காரியம் அல்ல.

மற்றவை: ஏழு அங்குலச் சதுரத்தில் முக்கால் அங்குலக் கனமுள்ள ஒரு பலகை, அதே அளவில் ஓர் அக்ரிலிக் தகடு, ஏழு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் உள்ள இன்னொரு அக்ரிலிக் துண்டு, 6 மி.மீ. கனமும் நாலு அங்குல நீளமும் உள்ள நாலு போல்ட்டுகள். அவற்றுக்கு வேண்டிய நட்டுகள், வாஷர்கள். ஸ்பானர் இல்லாமல் கையாலேயே திருகக்கூடிய காதுள்ள நட்டு இரண்டு. தட்டையான சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று. ஹார்டுவேர் கடையில் எல்லாம் கிடைக்கும்.

செய்யும் விதம்

பலகையையும் சதுரத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிப் பிடித்து, நாலு மூலையிலும் ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளித் துளை போட வேண்டும். சேர்த்துப் போட்டால்தான் துளைகள் நேராக அமையும். சிறிய துண்டில், முன்பக்க இரண்டு துளைகளுக்கு நேராக இரண்டு துளைகள் போதும்.

நாலு போல்ட்டுகளையும் பலகையின் அடியிலிருந்து மேலே செருகி, நட்டு வைத்து இறுக்கவும். அடியில் போல்ட் தலைகள் இடித்து ஆடாமலிருக்க ரப்பர்த் துண்டுகளை ஒட்டலாம். முன்பக்க இரண்டு போல்ட்டுகளில் காதுள்ள நட்டையும் வாஷரையும் மாட்டி, அவற்றின் மேல் சிறிய துண்டை உட்கார வைக்கவும். பொருள் வைக்கும் மேடை இதுதான். அதற்கும் மேலே நாலு போல்ட்டிலும் நட்டு வைத்து, சதுரத் தகட்டைப் பொருத்தவும். இது போன் படுக்கும் மேடை.

மேல் தகட்டில், முன்பக்க இரண்டு போல்ட்டுகளுக்கும் சரியாக நடுவில், லென்ஸ் இறுக்கமாக உட்காரும் அளவுக்கு ஒரு துளை போட்டு லென்ஸைப் பதிக்கவும். ஒரு பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்தில் அதிகப் பரப்பு தெளிவாகத் தெரிகிறதோ அதுவே சரியான பக்கம். உடனே ஒட்டும் பசையை லென்ஸுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டால் லென்ஸில் வெண்படலம் படர்ந்துவிடும். டேப் போதும்.

போனின் பின்பக்கக் கேமரா லென்ஸுக்கு நேராக வரும்படி போனைப் படுக்க வைக்கவும். இரண்டு மூன்று கேமரா உள்ள போனில், எது வேலை செய்கிறது என்பதை விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அடியில் விளக்கை வைத்து, அதன் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் போட்டால் வெளிச்சம் சீராகப் பரவும்.

பொறுமைதான் திருகாணி

இனி நட்டைத் திருக வேண்டியதுதான். ஒரு முழுச்சுற்றுக்கு மேடை ஒரு மில்லிமீட்டர் ஏறும். கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். இரண்டு நட்டையும் சம அளவில் திருக வேண்டும். அவசரப்பட்டால் காட்சி வந்த வேகத்தில் மறைந்துவிடும். தெளிவு வந்ததும், படம் எடுக்கும் பொத்தானைத் தொட்டால் போன் ஆடும். ஆகவே மூன்று விநாடி டைமர் வைத்து எடுப்பது நல்லது.

முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். திரையின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது என்று எண்ணினால், உங்கள் கருவி எத்தனை மடங்கு என்பது சொந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, செய்தித்தாளில் உள்ள ஒரு வண்ணப் படத்தை மேடையில் வையுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நடிகரின் முகம் மறைந்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். 500 ரூபாய் நோட்டில் 'பாரத்' என்று தேவநாகரியிலும், 'இந்தியா' என்று ஆங்கிலத்திலும் கண்ணுக்கு எளிதில் அகப்படாத நுண்ணெழுத்துகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்கலாம். உப்பு சின்னச் சின்னக் கனசதுரமாகத் தெரியும். வெங்காயத்தின் உள்தோலை உரித்து ஒரு துளி நீரில் பரப்பினால் செங்கல் அடுக்கியது போலச் செல்கள் தெரியும். வேட்டி, லுங்கித் துணியின் நெய்வு பின்னிப் பின்னிப் போவதைப் பார்த்தால், லேவன்ஹூக் ஏன் கடையை விட்டுவிட்டு இதிலேயே மூழ்கினார் என்பது புரியும்.

டிரம்மின் சுவரில் என்ன இருக்கிறது?

இதெல்லாம் பிள்ளைகளுக்கு வேடிக்கை. பெரியவர்களுக்கும் ஒரு காரியம் இருக்கிறது.

குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். ஆகவே நம்மவர் வீடுகளில் டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைக்காமல் முடியாது. கொசு முட்டையிட்டுவிடுமே என்று பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் பிடிக்கிறோம். அதனால் முட்டை போய்விடுகிறதா?

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய அந்தக் கறுப்பு முட்டைகளைப் பார்த்தால் அழுக்கு என்றே நினைப்போம். தண்ணீரைக் கொட்டினால் அவை போகாது. காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறி நனைத்ததும் பொரியும். சுவரை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, அந்தத் துணியை மேடையில் வைத்துப் பாருங்கள். அழுக்குக்கு உருவம் கிடையாது. முட்டை, சுருட்டு வடிவில் பளபளவென்று தெரியும்.

முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்க்க வேண்டும் என்கிறார்கள். மாநகராட்சிக்காரர்கள் வந்து சொன்னால் சலித்துக்கொள்ளும் வீட்டில், அந்த முட்டையைத் திரையில் ஒரு தடவை பார்த்த பிள்ளை தானே பிரஷ்ஷை எடுக்கும்.

புழுவைப் பிடித்தால் அதன் ஜாதியையும் அறியலாம். வாலருகே உள்ள சுவாசக் குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் அது ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். குழல் இல்லாமல் நீர்மட்டத்தோடு படிந்து கிடந்தால் அது மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ். மாடித் தொட்டிகளில் வளர்ந்து நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸில் ஒரு வகையே.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்ததும் ஒரு பழைய மைக்ராஸ்கோப்தான். இன்று தென் மத்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருக்கும் செகந்தராபாத்தில், 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, ராணுவ டாக்டர் ரொனால்டு ராஸ் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். வியர்வை பட்டுப் பட்டு அவருடைய மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. கண்வில்லையில் கீறல் விழுந்திருந்தது. விசிறி போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று புழுக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எதைச் செய்ய முடியாது?

இந்தக் கருவியை வைத்துக்கொண்டு யாரும் வைத்தியராகிவிடக் கூடாது. மலேரியாக் கிருமி, ஏழெட்டு மைக்ரான் அளவுள்ள ரத்த சிவப்பணுவுக்குள் ஒளிந்திருக்கும். சாயமேற்றி, ஆய்வுக்கூட மைக்ராஸ்கோப்பில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கித்தான் அதைக் காண்பார்கள். காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போவதே முறை.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். காலரா, டைபாய்டு கிருமிகள் சில மைக்ரான் அளவே உள்ளவை, நிறமும் இல்லாதவை. இந்தத் திரையில் அவை அகப்படா. வைரஸ்கள் அவற்றைவிடப் பன்மடங்கு சிறியவை. "மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று சொல்லிக் காய்ச்சாத நீரைக் குடித்தால் அது அறியாமையை விட மோசம்.

உலகம் முழுவதும் நடக்கும் வேலை

நல்ல மைக்ராஸ்கோப்பை எளியவர் கைக்குக் கொண்டுவரும் முயற்சியில் அறிஞர்களும் ஈடுபட்டிருக்கிறார்கள். மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் காகிதத்தை மடித்துச் செய்யும் 'ஃபோல்ட்ஸ்கோப்' என்ற மைக்ராஸ்கோப்பை உருவாக்கி 2014-இல் அதன் விவரங்களை வெளியிட்டார். அதன் சாமான்களின் அடக்க விலை ஒரு டாலருக்கும் குறைவு. லேவன்ஹூக் கருவியைப் போலவே அதிலும் ஒற்றை லென்ஸ்தான். அதைப் போன் கேமராவோடு இணைத்தும் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் உருவான 'ஓப்பன்ஃப்ளெக்ஷர்' என்பது இன்னொன்று. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கில் வார்க்கும் உடலும், சின்னக் கணினியின் கேமராவும் கொண்டது. அதன் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துச் செய்துகொள்ளலாம். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் உள்ளூரிலேயே அதைச் செய்து, மலேரியா ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள்.

நம் வீட்டுக் கருவி அந்த அளவுக்குத் துல்லியமானது அல்ல. ஆனால் அது அலமாரியில் பூட்டிக் கிடப்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, என்ன பொருள், எங்கே எடுத்தது, என்ன தெரிந்தது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். படத்தை ஊரில் இருக்கும் மாமா பிள்ளைகளுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். தூத்துக்குடியில் இருக்கும் பிள்ளை தன் வீட்டுத் தொட்டியில் கிடைத்ததைப் படமெடுத்துப் பதிலுக்கு அனுப்பும். லேவன்ஹூக்கும் லண்டனுக்குக் கடிதம் எழுதி எழுதித்தான் உலகத்தை நம்ப வைத்தார்.